ஆளில்லாம எஞ்சினைக் கிளப்பும் சூரப்புலிகள்

அமெரிக்காவுல சின்ன சொந்த விமானம் வச்சிருக்கிற சிலரோட பழக்கம் இது. பேட்டரி படுத்துருச்சா? இறங்கி முன்னாடி போய், ப்ரொப்பெல்லரைக் கையால இழுத்து சுத்திவிட்டு எஞ்சினைக் கிளப்புவாங்க. உள்ளே ஆளே இருக்காது. எஞ்சின் கிளம்பினதும் விமானம் தன்பாட்டுக்கு ஓடிப்போய் எதுலயாவது மோதும். இல்லைன்னா சுத்தினவர் கை போகும், சில சமயம் உயிரே போகும். அப்புறம் அதுக்குப் பேரு 'விபத்து'. எனக்கு இந்தப் பேருதான் கடுப்பு.

1947 வரைக்கும் தயாரான பைப்பர் ஜே-3 கப் மாதிரி பழசுகளை விட்டுடலாம். பெரும்பாலும் அதுல ஸ்டார்ட்டரே கிடையாது, கையாலதான் கிளப்பணும். அதுக்குன்னு முறை இருக்கு, கத்துக்கிட்டு செய்றாங்க. என் சண்டையெல்லாம் ஸ்டார்ட்டர் இருக்கிற செஸ்னா 172-ஐ வச்சுக்கிட்டு, "ஒரே ஒரு சுத்துதானே"ன்னு இறங்குறவங்களோடதான்.

"சாவி ஆஃப்லதான் இருக்கு"ன்னு நம்பி ப்ரொப்பெல்லரைத் தொடுறது இன்னொரு கூத்து. இந்த எஞ்சின்ல பொறி கொடுக்கிறது மேக்னெட்டோ. அதுக்கு பேட்டரி தேவையில்ல, சுத்தினாலே கரண்ட் வரும். சாவியை ஆஃப் பண்ணா ஒரு ஒயர் வழியா அதை எர்த் பண்றோம், அவ்ளோதான். வீட்டுல ஒயர் அறுந்தா ஃபேன் நின்னுடும். இங்க அந்த ஒயர் அறுந்தா மேக்னெட்டோ எப்பவுமே ஆன்! நிமிஷத்துக்கு 700 சுத்துன்னு மெதுவா ஓடினாலும், ரெண்டு பிளேடும் சேர்ந்து ஒரே இடத்தை செகண்டுக்கு 23 தடவை தாண்டும். கையை எப்ப எடுப்பீங்க?

எஃப்.ஏ.ஏ. கையேடு சொல்றது ரொம்ப சிம்பிள். ரெண்டு பேர் வேணும், ரெண்டு பேருக்கும் அந்த விமானமும் இந்த முறையும் தெரிஞ்சிருக்கணும். உள்ளே ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்காரணும். அதோட சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு. விமானம் வாங்க காசு இருக்கு, கட்டைக்கும் கயிறுக்கும் இல்லையா?

"முப்பது வருஷமா செய்றேன், ஒண்ணும் ஆகலையே"ம்பாங்க பெருசுங்க. ஐயா, அதுக்குப் பேரு திறமை இல்ல, அதிர்ஷ்டம். உங்க கை உங்க இஷ்டம்னே வச்சுக்குவோம். ஆளில்லாம ஓடுற விமானம் எதிர்ல நிக்கிறது யாருன்னு பார்த்தா மோதும்?

இன்னொண்ணு. பேட்டரி சுத்தமா செத்துட்டா ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாம போகலாம். அதோட மேல கிளம்புறதுக்கா இவ்ளோ அவசரம்? சார்ஜ் போடுங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் லேட்டாகும். ஆகட்டுமே!

தெரிஞ்சே செஞ்சா அது விபத்து இல்லைங்க, திமிரு.