மாலை நேர அணித்தலைவர்கள்

2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் ரசிகர்களிடம் இன்றும் இரண்டு குற்றச்சாட்டுகள் தயாராக இருக்கின்றன. ஆறாம் சுற்றில் அர்மீனியாவுக்கு எதிராகப் பிரக்ஞானந்தாவை ஏன் உட்கார வைத்தார்கள்? பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகக் குகேஷை ஏன் உட்கார வைக்கவில்லை? இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே: இந்தியாவின் இரண்டாம் அணிக்குத் தலைவராயிருந்த ஆர்.பி.ரமேஷ். ஓய்வு கொடுத்ததும் குற்றம், கொடுக்காததும் குற்றம். இரு வழக்குகளுக்கும் சாட்சியம் ஒன்றுதான்: அன்றைய மாலை நல்லபடியாக முடியவில்லை.

ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐவர். ஒரு சுற்றில் ஆடுவோர் நால்வர். பலகை வரிசையைப் போட்டிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற இயலாது. ஆக, அணித்தலைவருக்கு எஞ்சுவது இன்று யார் வெளியே என்று தீர்மானிக்கும் உரிமை மட்டுமே. அதையும் முதல் காய் நகரும் முன்பே எழுதிக் கொடுத்தாக வேண்டும். ரசிகரோ கணினியின் மதிப்பீட்டுக் கோடு முழுவதுமாகச் சரிந்தபின் தீர்ப்பு எழுத அமர்கிறார்.

ஆகஸ்ட் 3 அன்று காலையில் ரமேஷுக்குத் தெரிந்திருந்தவை எவை? அணி ஐந்து சுற்றுகளையும் வென்றிருந்தது. முந்தைய நாள் ஸ்பெயினுடன் பிரக்ஞானந்தா தோற்றிருந்தார், அதிபன் வென்றிருந்தார். மறுநாள் போட்டிக்கே ஓய்வு நாள். களைத்த ஒருவருக்கு இரண்டு நாள் மூச்சு கிடைக்கும். (பிரக்ஞானந்தா அவர் வளர்த்த மாணவர் என்பதையும், வெளியே அமர்த்தியது அவரையே என்பதையும் குறை சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) அன்று குகேஷ் சர்கிஸியானை வென்றார், அதிபனும் ரௌனக் சாத்வானியும் தோற்றார்கள், அணி ஒன்றரைக்கு இரண்டரை என்று வீழ்ந்தது. பின்னர் ஒன்பதாம் சுற்றில் அஜர்பைஜானுடனும் பத்தாவதில் உஸ்பெகிஸ்தானுடனும் அணி தோற்காமல் காத்தவை பிரக்ஞானந்தாவின் வெற்றிகள். அவற்றைக் காட்டி அந்த ஓய்வு சரிதான் என்று நான் வாதிடப் போவதில்லை. அதுவும் முடிவிலிருந்து பின்னோக்கி நடப்பதே.

குகேஷ் விஷயத்தில் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பையனை முதல் பலகையில், ஒரு நாளும் விடாமல் பதினொரு சுற்றுகளும் ஆடவிடலாமா? நியாயமான கேள்வி. ஆனால் அதை எட்டாம் சுற்று முடிந்த மாலையில் கேட்டிருக்க வேண்டும். அன்று அவர் கருவானாவை வீழ்த்தினார். தொடர்ச்சியாக எட்டாவது வெற்றி. ஊரே கொண்டாடிற்று, ஓய்வைப் பற்றி மூச்சில்லை. அப்துசத்தாரோவிடம் நல்ல நிலையிலிருந்த ஆட்டம் கைநழுவிய பிறகுதான் பையனின் களைப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது.

இரண்டாண்டு கழித்து, 2024இல் புடாபெஸ்டில், அர்ஜுன் எரிகைசியும் பதினொரு சுற்றுகளும் ஆடினார். பத்துப் புள்ளிகள் எடுத்தார், இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர் ஸ்ரீநாத்தைப் பார்த்து, ஏன் அர்ஜுனுக்கு ஒரு நாள் ஓய்வு தரவில்லை என்று கேட்டவர் உண்டா? அதே முடிவு அங்கே துணிச்சல், பூஞ்சேரியில் பிடிவாதம்.

தேர்வுக் குழுவையும் இவர்கள் விடுவதில்லை. போட்டித் தரவரிசையில் இரண்டாவதாயிருந்த முதல் அணி நான்காமிடம் பெற்றது, பதினொன்றாவதாயிருந்த இரண்டாம் அணி மூன்றாமிடம் பெற்றது. ஆகவே அணிகளையே மாற்றி அமைத்திருக்க வேண்டுமாம். புள்ளிக் கணக்கைப் புறக்கணித்து ஹரிகிருஷ்ணாவையும் விதித்தையும் கீழே இறக்கியிருந்தால் முதல் கூச்சல் யாரிடமிருந்து வந்திருக்கும்?

குகேஷ் அப்துசத்தாரோவிடம் தோற்ற மறுநாளும் ரமேஷ் அவரையே முதல் பலகையில் அமர்த்தினார். களைப்புதான் காரணம் என்றால் அந்த முடிவு முந்தையதைவிடப் பெரிய குற்றம். குகேஷ் கைமருடன் சமன் செய்தார், அணி ஜெர்மனியை 3-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. அந்தக் கடைசிச் சுற்றுத் தேர்வைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் என் காதில் விழவில்லை.