அறிவிப்பின்றி வரும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவால் வேலைகள் பெருகுமா, பறிபோகுமா என்ற விவாதத்துக்குத் தில்லியில் குறைவில்லை. வேளாண்மை அல்லாத துறைகளில் 2030 வரை ஆண்டுக்குச் சராசரியாக 78.5 லட்சம் வேலைகள் உருவாக வேண்டும் என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை கணக்கிட்டது. செயற்கை நுண்ணறிவு எல்லாத் தரப்புத் தொழிலாளர்களின் எதிர்காலத்தையும் நிச்சயமற்றதாக்கியிருப்பதாகவும் அது எச்சரித்தது. 2025 அக்டோபரில் வெளியான நீதி ஆயோக் அறிக்கையோ, உரிய நடவடிக்கை எடுத்தால் ஐந்தாண்டுகளில் 40 லட்சம் புதிய வேலைகள் வரை உருவாகலாம் என்றது. தவறினால், தொழில்நுட்பச் சேவைத் துறையில் 2023-ல் 75 முதல் 80 லட்சமாக இருந்த பணியாளர் எண்ணிக்கை 2031-ல் 60 லட்சமாகச் சுருங்கக்கூடும் என்றும் கூறியது.

இவற்றுள் எது பலிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வேலையிழப்பவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இயந்திரமயம் இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குப் புதிதல்ல. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றம் எதையும் 21 நாள் முன்னறிவிப்பின்றிச் செய்யலாகாது என்ற பிரிவு, தொழில் தகராறுகள் சட்டத்தில் 1956-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. வங்கிகளில் கணினி நுழைந்தபோது, இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 1983-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. முன்னேற்றத்தின் எதிரிகள் என்று அன்று ஏசப்பட்ட சங்கங்கள்தாம், எங்கே, எந்த அளவுக்குக் கணினி வரலாம் என்பதைப் பேச்சுவார்த்தைக்குரிய பொருளாக்கின. வங்கிகள் முடங்கிவிடவில்லை, கணினியும் வந்தது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இந்த முன்னறிவிப்பை நீக்கவில்லை. ஆனால், தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவை என்ற விதி, 100 பேருக்குப் பதிலாக 300 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே இனிப் பொருந்தும். ஆட்குறைப்புக்கு ஆளானவர் மறுபயிற்சி பெறுவதற்கென முதலாளி 15 நாள் ஊதியத்தை ஒரு நிதியில் செலுத்த வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. அரை மாத ஊதியத்தில் ஒருவர் எந்தப் புதுத் தொழிலைக் கற்றுத் தேறுவார்?

இந்த அற்ப ஏற்பாடுகூட 'ஆட்குறைப்பு' என்ற ஒரு சொல்லைத்தான் நம்பியிருக்கிறது. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்று அதன் தலைமை விளக்கியது. அந்த விளக்கம் முற்றிலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், காரணம் இயந்திரம் அல்ல என்று முதலாளி சொல்லிவிட்டால், முன்னறிவிப்புக் கடமையும் எழுவதில்லை. அதைச் சரிபார்க்க ஊழியரிடம் எந்த ஆவணமும் இல்லை. மென்பொருள் எழுதுவோர் சட்டப்படி 'தொழிலாளர்'தாமா என்பதே வழக்குக்குரிய பொருளாக நீடித்து வந்துள்ளது.

மிரட்டி ராஜிநாமா பெறுகிறார்கள் என்பது தகவல் தொழில்நுட்பத் துறைச் சங்கங்களின் நெடுநாள் புகார். நிர்வாகத்தின் நிர்ப்பந்தத்தால் பெறப்படும் ராஜிநாமாவும் ஆட்குறைப்பே என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் தெளிவுபடுத்த வேண்டும். இல்லையேல், ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டு வெளியேறுபவருக்கு 21 நாள் அறிவிப்பும் இல்லை. அந்த 15 நாள் ஊதியமும் இல்லை.