மார்ஃபினைக் கண்காணியுங்கள், மருத்துவரை அலைக்கழிக்காதீர்கள்

எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோயின் வலிக்குத் தரப்படும் சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியம் இரண்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று, இரவு பத்து மணிக்குப் படுக்கும் முன் இரட்டை அளவு. வலி தலைதூக்கும் முன்பே அடுத்த மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்துத் தந்த முறையின் அடிப்படை. ஒரு வேளை தவறினால் நோயாளி துடிப்பார். இரண்டு நாள் தவறினால் வலியோடு, மருந்து திடீரென நின்றுபோனதால் வரும் நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். இந்த மாத்திரையை வாங்கி வைத்துக் கொடுக்க ஒரு மருத்துவமனைக்கு அரசு தரும் அங்கீகாரம் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிறது. அதைப் புதுப்பிக்கும் கோப்பு ஏதோ ஒரு மேசையில் மூன்று வாரம் கிடந்தால், அந்த மூன்று வார வலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த ஏற்பாடு மாற வேண்டும். தேதி முடிந்தால் அங்கீகாரமும் முடிந்தது என்ற விதியைக் கைவிட்டு, ஒருமுறை தந்த அங்கீகாரம் குறைகண்டு ரத்து செய்யப்படும் வரை செல்லும் என்று ஆக்க வேண்டும். மருத்துவர்களின் பதிவுப் புதுப்பித்தலும் மார்ஃபின் அங்கீகாரமும் இரு வேறு நடைமுறைகளாக நடப்பதும் நிற்க வேண்டும்.

இந்தச் சிக்கலின் வேர் 1985-ல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம் கடத்தல்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அன்று அதில் குறைந்தபட்ச தண்டனை பத்து ஆண்டு. மருத்துவமனைகளுக்கோ ஒவ்வொரு கொள்முதலுக்கும் பல துறைகளின் உரிமங்கள் வேண்டியிருந்தன. பெரும்பாலான மாநிலங்களில் நான்கைந்து. வைத்திருக்க ஒன்று, கொண்டுவர ஒன்று, மாநில எல்லை கடக்க ஒன்று என்று போகும் அந்தப் பட்டியலில் எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தாக வேண்டியிருந்தது. கடைசித் தாள் கைக்கு வரும்போது முதல் தாள் காலாவதியாகியிருக்கும். மருத்துவமனைகள் சலித்துப்போய் மார்ஃபினையே நிறுத்திவிட்டன. 1985-க்கும் 1997-க்கும் இடையில் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்து, 1997-ல் நாடு முழுவதற்கும் வெறும் 18 கிலோ என்று ஆனது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிடப்படுகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபினி ஆலை நடத்துகிறது. இங்கு விளைந்த அபினி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி அங்குள்ளவர்களின் வலியைத் தணித்தது. இங்கே ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

மாற்று வழி உண்டு என்று காட்டியது கேரளம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, மாத்திரையை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. வீட்டுக்குப் போன மார்ஃபின் தெருவுக்கு வந்துவிடாதா என்ற கேள்விக்கு, இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துப் பதில் சொன்னார்கள். ஒரு தவறான பயன்பாடோ, ஒரு மாத்திரை வெளியே கசிந்ததோ கண்டறியப்படவில்லை. 2001-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. கால் நூற்றாண்டு கழித்தும் நம் அலுவலகங்களில் பலர் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நாடாளுமன்றம் 2014 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறும் ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என 2015-ல் அறிவிக்கப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட விதிகள் போய், நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. நான்கைந்து துறைகளின் இடத்தில் ஒரே கதவு: மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் ஏற்றுக்கொண்டால் மருத்துவமனை ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ ஆகிவிடும். பல ஆண்டுகள் விடாமல் கதவைத் தட்டிய மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பங்களும் பெற்றுத் தந்த பெரிய மாற்றம் அது. ஆனாலும் 2017-ல் லான்செட் ஆணையம் உலக நிலவரத்தைக் கணக்கிட்டபோது, இந்தியாவில் வலி நிவாரணத்துக்கான தேவையில் நிறைவேறுவது 4 சதவீதம் மட்டுமே என்று வந்தது. அச்சமும் பயிற்சியின்மையும் இதற்குப் பெரிய காரணங்கள். காகிதமும் ஒரு காரணம்தான். அதுவே ஒரே கையெழுத்தில் தீர்க்கக்கூடிய காரணமும்கூட.

புதுப்பித்தல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருந்தால்தான் அங்கீகாரம். ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் அப்படி ஒருவரே இருப்பார். இடமாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் கிடைத்துவிட்டால், அலமாரியில் பூட்டிய மாத்திரை இருக்கும், படுக்கையில் நோயாளி இருப்பார், எழுதிக் கொடுக்கத் தகுதியான கை இருக்காது. புதிதாக வந்தவர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பும்போது புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்கியிருக்கும். பதிவுச் சான்றின் நகல், பயிற்சிச் சான்றின் நகல், கடந்த ஆண்டுகளின் கணக்கு எல்லாம் சேர்த்து மனுப் போட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மருந்தை அனுப்பும் நிறுவனம் முதலில் பார்ப்பது சான்றிதழில் உள்ள தேதியைத்தான். தேதி தாண்டியிருந்தால் சரக்கு கிளம்பாது. ‘மனு நிலுவையில் இருக்கிறது’ என்று மருத்துவமனை சொல்வதை நம்பி போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வம்பை வாங்கிக்கொள்ள எந்த வியாபாரி முன்வருவார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனையிலாவது கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் எழுத்தர் இருப்பார். ஒரு செவிலியரையும் வாரம் இரண்டு நாள் வரும் ஒரு மருத்துவரையும் வைத்து ஊர்க்காரர்களின் நன்கொடையில் நடக்கும் நோய் ஆதரவு மையங்களில் யார் ஓடுவது? அந்த மருத்துவர்தான் ஓட வேண்டும். அவருக்கு வேறு தேதிகளும் இருக்கின்றன. மருத்துவராகத் தொழில் செய்வதற்கான பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி காட்ட வேண்டும். மருத்துவ நிறுவனப் பதிவு தனி, மருத்துவக் கழிவு அனுமதி தனி. ஒவ்வொன்றுக்கும் வேறு அலுவலகம், வேறு இணையதளம், வேறு காலக்கெடு. எல்லா இடத்திலும் அதே பட்டச் சான்றையும் அதே பதிவுச் சான்றையும் மறுபடி மறுபடி ஏற்ற வேண்டும். மருத்துவரின் பதிவு செல்லுபடியாகிறதா என்பது மாநில மருத்துவக் கவுன்சிலின் கணினியில் இருக்கிறது. தேசிய மருத்துவர் பதிவேடு என்ற இணையதளத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியும் வைத்தது. ஓர் அரசுத் துறைக்குத் தெரிந்ததை இன்னோர் அரசுத் துறைக்கு மருத்துவரே நகலெடுத்துச் சுமந்துபோய்ச் சொல்ல வேண்டியிருப்பது நியாயமே இல்லை.

இப்போது மருந்துக்கடையைப் பாருங்கள். முன்பு கடை உரிமத்தையும் காலம்தோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தியது. அதன்படி, ஒருமுறை தந்த உரிமம் ரத்தாகாத வரை செல்லும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் போதும். தயாரிப்பு ஆலைகளுக்கும் இதே சலுகை உண்டு. ஆய்வாளர்கள் சோதனைக்குப் போவது நிற்கவில்லை, தவறு கண்டால் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமும் குறையவில்லை. நின்றது தாளைத் தூக்கிக்கொண்டு அலைவது மட்டுமே. லாபத்துக்கு மருந்து விற்பவருக்கு இந்த நம்பிக்கையைத் தர முடிந்த அரசு, சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மருந்து கொடுக்கும் மருத்துவமனைக்கு அதைத் தர ஏன் தயங்க வேண்டும்?

போதைப் பழக்கம் பரவுகிறதே என்பது பதிலாக வரும். அந்தக் கவலை பொய்யில்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு இறந்துபோன இளைஞர்களின் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தொடர்ந்து வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் விதித் தளர்வு பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆனால், அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் டபென்டடால். அது இந்த அங்கீகார முறைக்குள் வரும் மருந்தே அல்ல. சீட்டில்லாமல் விற்கும் கடைக்காரரும் கூரியரில் பெட்டி பெட்டியாக வரவழைக்கும் தரகரும்தான் அதன் வழி. கோழிக்கோட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நோயாளி பெயரும் அளவும் எழுதிக் கணக்கு வைத்த இடத்தில் கசிவு இல்லை. கசிவைப் பிடிப்பது இருப்புக் கணக்கும் முன்னறிவிப்பில்லாத சோதனையும்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழில் போடும் புது முத்திரை ஒரு மாத்திரையைக்கூடக் காவல் காத்ததில்லை. கோப்பு பார்ப்பதில் செலவாகும் ஆய்வாளரின் நேரம் சோதனைக்குப் போனால் பெற்றோரின் கவலைக்கும் அதுவே மருந்து.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 2021-லும் 2022-லும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அளவு மீறிய போதை மருந்தால் இறந்த நாடு அது. மருத்துவர்களே வலி மாத்திரையை அள்ளி எழுதியதில் தொடங்கிய அழிவு என்பதால், அங்கு கட்டுப்பாடு இறுகியிருக்க எல்லாக் காரணமும் உண்டு. கட்டுப்பாடு இருக்கிறது, மருத்துவர் போதைமருந்து அமலாக்க முகமையிடம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அதை இணையத்தில் முடித்துவிடலாம். காலாவதிக்கு முன்பே மனுப் போட்டுவிட்டால், முடிவு வரும் வரை பழைய பதிவு செல்லும். தேதியை மறந்தவர் ஒரு மாதத்துக்குள் புதுப்பித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போதைக்கு அடிமையானவர்களை மீட்கும் புப்ரநார்ஃபின் மருந்தை எழுத மருத்துவர்கள் தனியாக ஒரு சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்ததையும் 2022 டிசம்பரில் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதில், பதிவையோ புதுப்பித்தலையோ ஒட்டி ஒரே ஒருமுறை 8 மணி நேரப் பயிற்சி கேட்கப்படுகிறது. அத்தனை மரணங்களைப் பார்த்த பிறகும் அவர்கள் எடுத்த முடிவு, படிவத்தைக் குறைத்து அறிவைக் கூட்டுவது.

இங்கு செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்குச் சட்டத் திருத்தமே தேவையில்லை. இந்த விதிகள் சுகாதார அமைச்சகத்தின் கையில் இல்லை. நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம் இருக்கின்றன. அத்துறை ஓர் அறிவிக்கை வெளியிட்டால் மூன்றாண்டு வரம்பு போய்விடும். நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு அனுப்பும் கடமை அப்படியே இருக்கட்டும். அந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து படிக்கட்டும். கொள்முதலும் நோயாளி எண்ணிக்கையும் பொருந்தாத இடத்துக்கு மறுநாளே ஆய்வாளர் போகட்டும்.

தில்லி அசையும் வரை தமிழக அரசு கை கட்டி நிற்க வேண்டியதில்லை. காலக்கெடுவுக்குள் வந்த மனுவுக்கு, அன்றே ‘முடிவு வரும் வரை செல்லும்’ என்று தேதியும் கியூஆர் குறியீடும் இட்ட சான்று இணையத்தில் கிடைக்க வேண்டும். மருந்து அனுப்புபவர் கைபேசியில் சரிபார்த்துவிட்டுச் சரக்கை ஏற்றுவார். பயிற்சி பெற்ற மருத்துவர் மாறுதலானால் மாற்று ஆள் வந்து சேரும் வரை பக்கத்து மருத்துவமனையின் பயிற்சி பெற்ற மருத்துவர் பொறுப்பேற்க ஓர் அரசாணை வேண்டும். கலந்தாய்வில் மாறுதல் ஆணை அச்சாகும்போதே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தகவல் போக வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தன் பங்குக்கு, வலி நிவாரணப் பயிற்சி நேரத்தை 30 மணி நேரக் கணக்கில் முழுமையாகச் சேர்த்துக்கொண்டு, பயிற்சி முடித்தவரின் பெயரை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நேராகப் பார்க்கும்படி செய்யலாம். பதிவைப் புதுப்பிக்க எப்படியும் படித்தாக வேண்டிய மருத்துவர், இதைப் படித்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வரும் என்று அரசு வாக்களித்தது. வட்ட மருத்துவமனையின் அங்கீகாரம் காலாவதியாகிக் கிடக்கும் மாதத்தில், கட்டிலில் முனகிக்கொண்டிருப்பவரிடம் வீடு தேடி வரும் செவிலியர் பாரசிட்டமாலைத்தான் நீட்ட முடியும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இன்று நிலுவையில் இருக்கும் புதுப்பித்தல் மனுக்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்பதை மாவட்ட வாரியாகச் சுகாதாரத் துறை அமைச்சர் வெளியிட வேண்டும். வருவாய்த் துறைக்கு முதலமைச்சர் எழுத வேண்டிய கடிதத்தோடு அந்தப் பட்டியலும் போகட்டும்.