படம் செல்லும் வழியை எங்கே எழுதுவது?

கேமரா இணைத்த சிறுபலகைக் கணினிகளில் ஆய்வு செய்யும் மாணவர்களின் நிரல்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். எந்தப் படவுணரி எந்த ஏற்பியோடு, எத்தனை தடங்களில் இணைந்துள்ளது என்பது இயக்கி நிரலுக்குள்ளேயே மாறா எண்களாகப் பதிந்து கிடக்கிறது. பலகை மாறினால் நிரல் பயனற்றுப் போகிறது. எழுதியவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அதைத் திறந்து பார்ப்பாரும் இல்லை.

லினக்ஸ் உலகம் இத்துன்பத்தை முன்பே பட்டுத் தெளிந்தது. ஏஆர்எம் கணினிகளுக்குப் பலகைக்கொரு சி கோப்பு எழுதிக் குவித்த சலிப்பே, வன்பொருளைத் தனியே விவரிக்கும் டிவைஸ் ட்ரீயை அங்கே கொண்டுவந்தது. ஆயினும் காணொளிக்கு மரம் மட்டும் போதவில்லை. மரத்தில் படவுணரியின் இடம் ஐ2சி பாட்டையின் கீழ். கட்டளைகள் அவ்வழியே செல்கின்றன. படமோ சிஎஸ்ஐ-2 கம்பிகள் வழியே, வேறொரு கிளையிலுள்ள ஏற்பிக்குப் பாய்கிறது. கணுவுக்கு ஒரே பெற்றோர் என்னும் மரவிதியால் இந்த இரண்டாம் உறவைச் சொல்ல இயலாது. ஆகவே சாதனந்தோறும் போர்ட், அதனுள் எண்ட்பாயின்ட், அது எதிர்முனையைச் சுட்டும் ரிமோட்-எண்ட்பாயின்ட் என மரத்தின்மேல் ஒரு வலை பின்னப்பட்டது. காணொளிப் பிரிவில் பிறந்த இம்முறை 2014இல் பொதுநிரலாயிற்று. இன்று திரைகளும் ஒலிக்கருவிகளும்கூட இதனைக் கையாள்கின்றன.

ஓர் இணைப்பை இரு முனையிலும் எழுதுவது வீண்வேலை என்பாரும் உளர். நான் உடன்படேன். இணைவழிக் கம்பிகளில் 10 பிட் உணரியின் 8 கம்பிகள் மட்டுமே ஏற்பிக்குச் சென்றிருக்கலாம். ஒத்திசைவுக் குறிகை வழியில் தலைகீழாக்கப்பட்டிருக்கலாம். அப்போது இரு முனைக்கும் இரு வேறு விவரங்கள் தேவை. மேலும், இயக்கிகள் எவ்வரிசையில் தொடங்கினாலும், ஏற்பியின் இயக்கி தன் எதிர்முனை எதுவென அறிந்து அதற்காகக் காத்திருக்க முடிகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. படத்தின் அளவையும் வேகத்தையும் சிலர் இவ்விவரணைக்குள் திணிக்கிறார்கள். அவை வன்பொருளின் இயல்பல்ல, பயனரின் விருப்பம். 2011இல் லினக்ஸில் சேர்ந்த மீடியா கன்ட்ரோலர் போன்ற இயங்குநேர ஏற்பாடுகளுக்கு உரியவை.

ஆய்வேட்டோடு மூலநிரலைக் கேட்கும் வழிகாட்டிகள் பலகையின் டிவைஸ் ட்ரீ கோப்பையும் கேட்கவேண்டும். தடங்களின் எண்ணிக்கையும் இணைப்பின் அதிர்வெண்ணும் அதில் இல்லையெனில், அதே பலகையை வாங்கியவரிடத்தும் பல படவுணரிகளின் இயக்கிகள் தொடங்கவே மறுத்துவிடும்.