தருமபுரிக்கு ஒரு கலைக்கூடம் வேண்டும்: மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்டக் கலை மன்றத்தின் தலைவர் தாங்கள் என்பதால், இந்த இதழின் ஆசிரியர் குழுவினர் தங்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். குடிநீர், பட்டா, சாலை, பள்ளிக் கட்டடம் என்று தங்கள் மேசையில் குவிந்து கிடக்கும் கோப்புகளை அறிவோம். அவற்றுக்கு நடுவே ஓவியத்துக்கும் கூத்துக்கும் இடம் கேட்பது சிலருக்கு ஆடம்பரமாகப் படலாம். எங்களுக்கு அப்படிப் படவில்லை. கலையை நம்பி அடுப்பெரிக்கிற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

நாங்கள் கேட்பது இதுதான்: தருமபுரி நகரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளைப் பார்க்கவும் விலை கொடுத்து வாங்கவும் ஒரு நிரந்தரக் கலைக்கூடம். புதுக் கட்டடம் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறைகள், நல்ல வெளிச்சம், ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்க ஓர் ஆள். ஒவ்வொரு படைப்பின் கீழும் செய்தவர் பெயர், ஊர், விலை.

பெயரை வலியுறுத்திக் கேட்கக் காரணம் இருக்கிறது. தருமபுரியின் பழம்பெயரான தகடூர் நாடு நடுகற்களின் நாடு. தருமபுரியில் தொல்லியல் துறை காத்துவரும் நடுகற்களை நிதானமாக நின்று பார்த்தால், ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனின் கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கிண்டியும் சிமிழும் என்று ஒவ்வொன்றும் உளியின் கணக்கோடு நிற்கும். மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வட்டெழுத்தில் இருக்கும். பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயர்கூட இருக்கிறது: கோவிவன். கல்லைச் செதுக்கியவர் யார் என்று அதில் ஒரு சொல் இல்லை. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் விட்டுப்போன அந்தப் பெயரை இனித் தேடி எடுக்க முடியாது. இன்று நம்மோடு இருப்பவர்களின் பெயரை எழுதி வைக்கலாமே.

அரூர் வட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் நடந்ததைத் தாங்கள் அறிந்திருக்கலாம். அங்குள்ள லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தாண்டாக்களில் பெண்கள் பழைய உடையை விட்டதோடு அதன் பூத்தையலும் மறைந்துகொண்டிருந்தது. தையல் தெரிந்தவர்களாக மூத்த பெண்கள் ஓரிருவரே மிஞ்சினார்கள். 1993-இல் அந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி இணையரின் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் அமைப்பு அந்தத் தையலை மீட்கத் துணை நின்றது. மூத்தவர்களிடம் இளையவர்கள் உட்கார்ந்து கற்றார்கள். ‘போர்கை’ என்ற பெயரில் கைவினைஞர் சங்கம் உருவானது. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி ஏற்றும் வேலை அது; ஓர் இழை தப்பினால் கட்டம் கோணிவிடும், பிரித்துத்தான் போடவேண்டும். அந்தத் துணிகள் பெருநகரக் கண்காட்சிகளில் விற்கின்றன. நம் மாவட்டத் தலைநகரிலும் அவற்றுக்கு ஒரு சுவர் இருக்க வேண்டும். பாலக்கோட்டுக்காரரும் பென்னாகரத்துக்காரரும் அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கூத்துக் கலைஞர்களுக்கும் அங்கே இடம் உண்டு. பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவரின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் விடியற்காலை வேடம் கலைத்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டி, லாந்தர் வெளிச்சத்துக்கும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கும் மின்னுகிற மாதிரி செய்த சிற்பம் அது. ஆடி முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடுகிறது. கூத்து இல்லாத மாதங்களில் அது கலைக்கூடத்தில் இருக்கட்டும். அதற்கு வாடகையும் கொடுங்கள். சும்மா கேட்டு வாங்கி வைக்கக் கூடாது.

பெயர்ப்பலகை எழுதியவர்களையும் மறக்க வேண்டாம். ஃபிளக்ஸ் வந்ததும் அவர்கள் தூரிகையைக் கீழே வைத்தார்கள். சுண்ணாம்புச் சுவரில் அளவுகோல் இல்லாமல் ஆளுயர எழுத்து எழுதிய கைகள் பல இன்று வேறு கூலிக்குப் போகின்றன. அரசு விழா மேடைகளின் பின்திரையை இவர்களிடம் வரையக் கொடுத்தாலே சில குடும்பங்களுக்கு வேலை வரும்.

கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரை வயதுவாரியாக மாவட்டக் கலை மன்றம் விருது வழங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்த மறுநாள் அந்தக் கலைஞரைத் தேடிப் போகிறவருக்கு ஒரு முகவரி வேண்டும். விருது பெற்ற ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளையே கலைக்கூடத்தின் முதல் கண்காட்சியாக வைக்கலாம். சேலத்திலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தின் உதவியைக் கேட்கலாம். சவகர் சிறுவர் மன்றத்துப் பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட ஒரு மூலை இருந்தால், அதைப் பார்க்க வருகிற தாய் தகப்பனும் மற்றச் சுவர்களைப் பார்ப்பார்கள்.

சனங்கள் வரமாட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் கூடுகிற கூட்டத்தைப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்தெல்லாம் வந்து பூசணி விளக்கு ஏற்றுகிறார்கள். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் ஓவியங்களாக இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே போய் அண்ணாந்து பார்க்கிறார்கள்? நாலு ஊர் தாண்டி வரத் தயங்காத மக்களுக்கு வழிகாட்டிப் பலகை ஒன்று, விளக்கிச் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், அவ்வளவுதான் குறை.

வாங்கவும் மாட்டார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். 1966-இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கிய கலைஞர்கள் கைப்பணத்தோடு வந்தவர்கள் அல்லர். பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் பொருள் இருந்தால் விற்கும். ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழாவிலும் தருமபுரிப் புத்தகத் திருவிழாவிலும் கலைக்கூடத்துக்கு வாடகையில்லாத ஓர் அரங்கு ஒதுக்கிப் பாருங்கள். அரசு அலுவலகச் சுவர்களுக்கு ஆண்டுக்குச் சில படங்களைக் கலைக்கூடத்திலிருந்தே வாங்க உத்தரவிடுங்கள். முதல் வாடிக்கையாளர் ஆட்சியர் அலுவலகமாக இருந்தால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள்.

கலை மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கும்படி வேண்டுகிறோம். அந்தக் கூட்டத்துக்குத் தாண்டாவிலிருந்து ஒரு பெண்ணையும், ஒரு கூத்து வாத்தியாரையும், பெயர்ப்பலகை எழுதிய ஒருவரையும் அழைத்துப் பேசவிடுங்கள். வந்துபோகும் பஸ் செலவையும் அன்றைய கூலியையும் கையிலேயே கொடுங்கள். கலைக்கூடம் திறந்த மாதத்திலிருந்து அதன் கண்காட்சி அறிவிப்பை எங்கள் இதழில் கட்டணமின்றி வெளியிடுவோம். அங்கே வைக்கும் படங்களை அட்டையில் போட்டால் ஓவியருக்கு உரிய தொகையையும் தருவோம்.

தங்கள் அன்புள்ள,
ஆசிரியர் குழு