அங்குலம் அளந்தவர்கள்



அண்மையில் நன்னெறிக் கல்வி தொடர்பான பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். உரையாற்றிய பெரியவர் திரையில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். 1920களின் அமெரிக்க இளம்பெண்கள் மூவர். காதளவு வெட்டிய தலைமுடி, சாயம் பூசிய உதடு, முழங்கால்வரை ஏறிய பாவாடை. “பெண்பிள்ளைகளின் ஒழுக்கக்கேடு தொடங்கிய இடம் இதுதான்” என்றார். அரங்கம் கைதட்டியது. என் கைகளும் வழக்கம்போல் தட்டின. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல்தான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அவர் சொன்னது வரலாறு அன்று. எழுந்து மறுக்கத் துணிவில்லாத நான் இங்கே எழுதுகிறேன்.

‘பிளாப்பர்’ என்று அழைக்கப்பட்ட அப்பெண்கள் யார்? முதல் உலகப் போருக்குப் பின் தட்டச்சராகவும் தொலைபேசி இணைப்பாளராகவும் கடைப் பணியாளராகவும் வேலைக்குச் சென்ற தலைமுறையினர். 1920ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. (கறுப்பினப் பெண்கள் பலருக்குத் தென் மாநிலங்களில் அது ஏட்டளவில்தான் இருந்தது என்பதையும் மறக்கலாகாது.) இடுப்பளவு வளர்த்த முடியைச் சுருட்டி ஊசிகளால் உச்சியில் நிறுத்துவது அன்றாடத் தொல்லை. நடனமணி ஐரீன் காசில் 1915ஆம் ஆண்டளவில் தம் முடியைக் குட்டையாக்கியபோது அது புதுமை. சில ஆண்டுகளில் அது வெள்ளமாயிற்று. பெண்களின் சிகையலங்காரக் கடைகளில் பலருக்கு அப்படி வெட்டத் தெரியவில்லை; சிலர் வெட்ட மறுத்தனர். ஆகவே, பெண்கள் ஆண்களின் முடிதிருத்தகத்தில் வரிசையில் காத்திருந்தனர்!

பாவாடையைப் பற்றியும் பெரியவர் தவறாகவே சொன்னார். அந்தப் பத்தாண்டு முழுவதும் முழங்கால் தெரிந்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். பத்தாண்டின் முற்பாதியில் பாவாடை பெரும்பாலும் கெண்டைக்காலுக்குக் கீழேதான் இருந்தது. முழங்காலைத் தொட்டது 1926, 1927ஆம் ஆண்டுகளில். 1930இல் மீண்டும் இறங்கிவிட்டது. அன்றைய நேர்வெட்டுச் சட்டை தைப்பதற்கு எளியது. மேரி புரூக்ஸ் பிக்கன் என்னும் தையற்கலை ஆசிரியை ஒரு மணி நேரத்தில் தைத்துவிடக்கூடிய சட்டைக்கு முறை வகுத்து நூல் வெளியிட்டார். ஆலைத் தொழிலாளியின் மகளும் செல்வர் வீட்டு மகளும் தெருவில் ஒன்றுபோல் தோன்றத் தொடங்கினர். பலருக்கு எரிச்சல் மூட்டியது முழங்காலா, இந்தச் சமத்துவமா என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்? சட்டம் போடப் புறப்பட்டார்கள். 1921ஆம் ஆண்டளவில் யூட்டா மாநிலச் சட்டமன்றத்தில், கணுக்காலுக்கு மேல் மூன்று அங்குலத்திற்கும் அதிகமாகப் பாவாடை உயர்ந்தால் அபராதமும் சிறையும் என்று ஒரு மசோதா வந்தது. ஒஹாயோவில் கழுத்துக்குக் கீழே இரண்டு அங்குலம்தான் எல்லை என்றார்கள். குட்டைமுடி ஆசிரியைகள் வேண்டா என்ற பள்ளி வாரியங்களும் இருந்தன. நம் இனத்தவர், கவனியுங்கள்! கடல் கடந்து சீனாவில் இது கொடுமையின் உச்சத்தை எட்டியது. 1927இல் பொதுவுடைமையர் வேட்டை நடந்தபோது, குட்டைமுடியையே குற்றச்சான்றாகக் கொண்டு இளம்பெண்களைக் கொன்றார்கள்.

பிளாப்பர்களை விடுதலைத் தெய்வங்களாக்க நான் வரவில்லை. கோர்செட்டைக் கழற்றியவர்களில் பலர், உடல் தட்டையாகத் தெரியவேண்டும் என்று மார்பை அழுத்திக் கட்டிக்கொண்டனர். 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் நியூயார்க் வீதியில் இளம்பெண்கள் புகைத்துக்கொண்டே நடந்தார்கள். ‘விடுதலைத் தீப்பந்தம்’ என்று அச்சுருட்டுக்குப் பெயர் சூட்டி அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்டு பெர்னேய்ஸ். அவருக்குக் கூலி கொடுத்தது புகையிலை நிறுவனம். பெரியவர் இதைச் சொல்லியிருந்தால் மனமாரக் கைதட்டியிருப்பேன். அவர் கண்ணுக்கு முடியும் பாவாடையும் மட்டுமே தெரிந்தன.

அன்றும் அப்படித்தான். அங்குலம் அளந்தவர்கள் குப்பிக்குள் இருந்ததை அளக்கவில்லை. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டம் ஒப்பனைப் பொருள்களைத் தொடவே இல்லை. உதட்டுச்சாயம், கன்னச்சாயம், இமைமை என்று வாணிகம் பெருகியது. எதில் எது கலந்திருக்கிறது என்று விற்பவர் சொல்லவேண்டியதில்லை. கையில்லாச் சட்டையோடு உடல்முடி நீக்கும் வழக்கமும் பரவியது. அந்தப் பத்தாண்டு முடிந்த கையோடு கோரெம்லு என்ற முடிநீக்கிக் களிம்பு விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தது எலிநஞ்சாகப் பயன்பட்ட தாலியம்! பூசிய பெண்களுக்குத் தலைமுடி உதிர்ந்தது, கால்கள் செயலிழந்தன. 1933இல் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. ஒப்பனைப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1938இல்தான் வந்தது. பாவாடைக்கு 1921இல் மசோதா, நஞ்சுக்கு 1938இல் சட்டம். இடையில் பதினேழு ஆண்டுகள்!

இதைப் படித்துவிட்டு ‘அமெரிக்கக் கதை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் சுகாதார அமைச்சு, பாதரசம் கலந்த முகக்களிம்புகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பள்ளிக் கூட்டங்களில் நாம் பேசுவதோ சடை, ரிப்பன், நகம்! முகத்தில் பூசுவது என்ன என்று கேட்ட பெற்றோரை நான் இதுவரை கண்டதில்லை. நானும் கேட்டதில்லை.

என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, விதிப்படி கறுப்பு ரிப்பன். கட்டொழுங்கு ஆசிரியர் அவளையே எடுத்துக்காட்டாக நிறுத்துவார். சில மாதங்களாக முகம் மட்டும் கழுத்தைவிட வெளுத்து வந்தது. சென்ற வாரம், பூசும் களிம்பைக் கொண்டுவரச் சொன்னேன். இரவுச் சந்தையில் அம்மா வாங்கித் தந்ததாம். சிறிய வெள்ளைக் குப்பி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயரும் இல்லை; கலந்த பொருள்களின் பட்டியலும் இல்லை.