பெண்ணின் முழங்காலுக்கு டம்பெல் எதற்கு?

மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஜுரம்தான். பெண்களுக்கான தேசியப் போட்டியை என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1982-லிருந்து நடத்துகிறது. 2024 இறுதி ஆட்டத்தில் தென் கரோலினா, அயோவாவை 87-75 என்று ஜெயித்ததை டி.வி.யில் பார்த்தவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல். அந்த வருஷம் ஆண்கள் இறுதி ஆட்டத்துக்குக்கூட அவ்வளவு பேர் இல்லை!

நான் சொல்ல வந்தது 2021-ல் நடந்த சங்கதி. கொரோனா காரணமாகப் பெண்கள் அணிகளை எல்லாம் சான் அன்டோனியோ பக்கம் கொண்டுவந்து தங்க வைத்தார்கள். ஆண்கள் இண்டியானாபோலிஸில். ஆண்களுக்கு மண்டபம் நிறைய எடைப் பயிற்சிச் சாதனங்கள். பெண்களுக்கு? ஒரு சின்ன ஸ்டாண்டில் சில ஜோடி டம்பெல், கூடவே யோகா விரிப்பு. கேட்டால், இடமில்லையாம். ஆரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ், காலியாகக் கிடந்த இடத்தையே படம்பிடித்துக் காட்டிவிட்டார். அப்புறம் சாதனங்கள் தன்னால் வந்து இறங்கின.

எல்லாரும் இதை மரியாதைப் பிரச்னையாகத்தான் பேசினார்கள். என்னைக் கேட்டால், இது வைத்தியப் பிரச்னை. முழங்காலுக்குள் ஏ.சி.எல். என்று ஒரு தசைநார் இருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக அறுகிறது. பெரும்பாலும் யாரும் மோதுவதே இல்லை. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கும். ‘பட்’டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்! தொடையின் பின்தசையையும் இடுப்பையும் வலுவாக்கி, சரியாகக் குதித்து இறங்கவும் பழக்கினால் இந்த ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வலுவைத் தரும் சாதனத்தைத்தான் ‘பெண்களுக்கு எதுக்கு?’ என்று விட்டுவிட்டார்கள்.

கனெக்டிகட் அணியின் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022-ல் இந்தத் தசைநார் அறுந்தது. ஒரு சீசன் முழுக்க வெளியே. அதே அணியின் ஆஸி ஃபட்டுக்கு 2023-ல் அதே கதி. 2025-ல் இருவரும் சேர்ந்து கோப்பையை வாங்கினார்கள், 82-59 என்று! ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்யும் பயிற்சி இல்லாமல் இது நடக்காது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பெண் விளையாடி முட்டி வீங்கி வந்தால் முதலில் திட்டு, அடுத்து எண்ணெய் போட்டு அழுத்தி உருவல், கடைசியில் ‘நீ ஆடினது போதும்டி’. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: வீங்கிய புது அடியில் தொக்கணம் கூடவே கூடாது. முழுசாக அறுந்த தசைநாரை எந்தத் தைலமும் ஒட்ட வைக்காது. சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். காலை ஊன்ற விடாமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். எலும்பு மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். எண்ணெயும் உருவலும் அவர் சரி என்று சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.